அண்ணை வெட்டாத தரை

நான் ஒருமுறை இருபத்திரண்டு மாடியும் படியால் இறங்கி ஓடியிருக்கிறேன். தீப்பிடிக்கவில்லை. யாரும் துரத்தவில்லை. என் முகத்தில் ஒரு மாஸ்க் இருந்தது, அவ்வளவுதான்.

ரொறொன்ரோ நகரத்தின் நடுவில் ஒரு கொண்டோ. குசினிச் சுவருக்கு ரைல்ஸ் பதிக்கிற வேலை. நானும் அண்ணையும் கூட்டாக வேலை செய்யத் தொடங்கி மூன்றாவது கிழமை. அண்ணை என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. அவர் மன்னார், வேதக்காரர், என்னைவிட ஏழு வயது மூப்பு. நான் மட்டக்களப்பு, சைவம். வேலை தொடங்குமுன் அவர் சிலுவை போட்டுக்கொள்வார், நான் பிள்ளையாரை நினைத்துத் தலையில் குட்டிக்கொள்வேன். இரண்டு பக்கத்தாலும் இன்சூரன்ஸ் எடுத்தாயிற்று, இனிப் பயமில்லை என்பார்.

அன்று வெட்டுவது என் முறை. பல்கனியில் ரைல்ஸ் வெட்டுகிற கிரைண்டரை வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் வட்டப் பெட்டி பூட்டிய ரப்பர் மாஸ்க்கை முகத்தில் இறுக்கினேன். உடனே எனக்குள் இன்னொருவர் இருந்து மூச்சு விடுவதுபோலக் கேட்டது. அவருக்கு ஆஸ்த்மாவும் இருந்தது. கிரைண்டர் சுழன்றது, தூசி எழும்பியது, கண்ணாடி வெள்ளையானது. நெஞ்சை யாரோ கயிறு போட்டுக் கட்டினார்கள். முடிந்தது, இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாகிறவன் படுக்க வேண்டும். நான் ஓடினேன். லிஃப்ற்றுக்குள் சாகப் பயம், அதனால் படி. கீழே வந்து, தூசி உடுப்போடு வரவேற்பறைத் தோல் சோபாவில் விழுந்து, காவலாளியிடம் நெஞ்சைக் காட்டி “ஹார்ட்” என்று ஒரு சொல் சொன்னேன்.

அம்புலன்ஸ் வந்தது. அதில் வந்த பெண் எல்லாவற்றையும் ஒட்டிப் பார்த்துவிட்டு, மூச்சை இழுத்து, நாலு எண்ணி, மெதுவாக விடச் சொன்னாள். ஒரு தோடம்பழச் சாறு தந்தாள். நான் அதை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது அண்ணை படிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் என் ஒற்றைச் சப்பாத்து.

“பதினாலாம் மாடியில கிடந்தது. செத்திட்டியோ?”

“இல்லை அண்ணை.”

“அப்ப போடு.”

எங்கள் வேலை வாகனத்தில் திரும்பினோம். ஸ்காபரோவுக்குள் வந்த பிறகு சொன்னார்: “இனி நீ பதி. நான் வெட்டுறன்.”

பதினெட்டு வருடம் அப்படித்தான் நடந்தது.

இந்தக் கதையை நான் எத்தனை பிறந்தநாள் விழாவில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சொல்வது மட்டுமல்ல, நடித்தும் காட்டுவேன். சப்பாத்து கழன்று விழும் இடத்தில் உண்மையாகவே சப்பாத்தைக் கழற்றி எறிவேன். எல்லோரையும்விட அண்ணைதான் அதிகம் சிரிப்பார். “ஐசே, காவலாளியை விட்டிட்டாய், அவனைச் செய்து காட்டு” என்று எடுத்தும் கொடுப்பார். அவர் போய் இப்போது எட்டு மாதம். நான் அந்தக் கதையை யாருக்கும் சொல்வதில்லை. போன மாதம் ஒரு கலியாண வீட்டில் ஒருவர் கேட்டார். மறந்துபோச்சு என்றேன்.

அவர் எப்படி வெட்டினார் என்பதைச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஓட ஓட வெட்டுகிற வாள் எங்களிடம் இருந்தது. தண்ணீர் தூசியை அமர்த்திவிடும். ஆனால் குளிர்காலத்தில் பல்கனியில் தண்ணீர் உறைந்துவிடும். கோடையில் கீழ்வீட்டுப் பல்கனிக்கு ஒழுகி, அந்த வீட்டுக்காரி மேலே வந்துவிடுவாள். ஆகவே அவசரத்துக்குக் கிரைண்டர். எல்லா வேலையும் அவசரம்தான். மாஸ்க் அவருடைய தாடிக்கு இறுகாது. பழைய சாரத்தைக் கிழித்து, நனைத்து, மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வார். வெட்டி முடித்து உள்ளே வரும்போது கண்ணிமையும் காதும் வெள்ளையாக இருக்கும்.

“அண்ணை, கூத்துக்கு வெளிக்கிட்டாச்சோ? என்ன வேஷம்?”

“ராசா வேஷம். தேத்தண்ணியை ஊத்து.”

இருமுவார். தேத்தண்ணியைக் குடிப்பார். திரும்பப் போவார். நான் உள்ளே முழங்காலில் நின்று, ஒரு மில்லிமீற்றர் பிசகாமல் பதித்துக்கொண்டு, என்னைப்போல் பதிக்க ரொறொன்ரோவில் ஆளில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

இருமல் நிற்காமல் போனபோது முதலில் பயந்தது நான்தான். எனக்காகப் பயந்தேன், அதுதான் வெட்கம். அவருக்கு ஸ்கான் எடுக்கச் சொன்ன கிழமையே நானும் என் டொக்டரிடம் போய், எனக்கும் அதே இருமல் என்று இருமிக் காட்டி, எக்ஸ்ரேக்குத் துண்டு வாங்கினேன். மூன்று நாள் நித்திரை இல்லை. மகளுக்கு எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்தேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று, மரண அறிவித்தல் படத்துக்கு எந்த முகம் நல்லாயிருக்கும் என்றும் பார்த்தேன். முடிவு வந்தது. டொக்டர் சொன்னது: “உங்களுக்குப் பச்சைக் குழந்தையின் நுரையீரல்.”

துள்ளிக்கொண்டு வெளியே வந்து, வாகனத்துக்குள் இருந்தபடியே அண்ணைக்குப் போன் எடுத்தேன். பச்சைக் குழந்தை, அண்ணை, பச்சைக் குழந்தை என்று பாட்டுப்போலச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்லதாப் போச்சு” என்றார். “எனக்கும் இப்பதான் சொன்னவங்கள். தூசி உள்ளுக்க போய்க் காயப்பட்டு, தழும்பாகிட்டுதாம். தழும்பு ஆறாதாம். பரவாயில்லை, ரெண்டில ஒண்டு தப்பியிருக்கு.”

அதற்குப் பிறகு, தரிப்பிடத்திலிருந்து வெளியே வரும்போது தடைக் கம்பத்தை இடித்தது மட்டும் ஞாபகம்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் ஹோட்டல் வேலை வந்தது. பழைய கட்டடங்களைத் திருத்துகிற ஒரு நிறுவனத்துக்கு நாங்கள் முன்பு ஒரு தேவாலய மண்டபத்தின் தரையைச் செய்து கொடுத்திருந்தோம். அங்கே கட்டடக் கலைஞராக இருந்த பெண் கூப்பிட்டாள். நாட்டின் மேற்குப் பக்கம், மலைகளுக்கு இடையில், கள்ளிச்செடி முளைக்கிற ஒரு பாலைவனச் சின்ன ஊர். கனடாவில் பாலைவனமா என்று நானும்தான் கேட்டேன். ரயில் பாதை போட்ட காலத்தில் அங்கே ஸ்ரேஷனுக்கு எதிரே மூன்று மாடியில் ஒரு ஹோட்டல் கட்டியிருக்கிறார்கள். ரயில் நின்றுபோய், தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஹோட்டல் மட்டும் வெயிலில் நிற்கிறது. இப்போது அந்த ஊரே சேர்ந்து அதைப் பழையபடி ஆக்குகிறது. வரவேற்புக் கூடத்தின் தரை முழுவதும் இருபத்தைந்து சத நாணயக் குற்றி அளவு அறுகோண ரைல்ஸ். வெள்ளைக்கு நடுவே, ஆறு கறுப்பும் ஒரு மஞ்சளுமாகப் பூக்கள். பாதி உடைந்து கிடக்கிறது. பழசைப்போலவே புதிதாகச் செய்து, கொண்டு வந்து பதிக்க வேண்டும்.

அண்ணைக்கு அது பொருத்தமான வேலை. வெட்டத் தேவையில்லை. துண்டுகள் தொழிற்சாலையில் செய்தே வரும். அவற்றை மேசையில் அச்சுக்குள் அடுக்கி, மேல்முகத்தில் தாளை ஒட்டி, ஏடுகளாக எடுத்து வைக்க வேண்டும். அங்கே போய்ச் சீமெந்தில் வைத்து அமர்த்தி, தாளை நனைத்து உரித்தால் பூ தெரியும். மில்லிக்கனில் என் வீட்டுக்குப் பக்கத்தில், ஒரு பிளாசாவின் பின்புறம் சின்ன யூனிற் ஒன்று எடுத்தோம். பக்கத்து யூனிற்றில் கலியாணச் சாப்பாடு சமைப்பார்கள். காலை பத்து மணிக்கே மீன் ரோல்ஸ் பொரிகிற வாசம் வந்துவிடும். அண்ணை பிக்கரிங்கிலிருந்து வருவார். அக்கா, அவருடைய மனைவி, கொண்டுவந்து இறக்கிவிடும்போது யன்னலைத் திறந்து எனக்குச் சொல்லுவா: “தம்பி, ரோல்ஸ் வாங்கிக் குடுக்காதேங்கோ. வாங்கினாலும் ஒண்டு.”

அந்தக் கட்டடக் கலைஞர் பெண் ஒருநாள் பழைய படங்கள் அனுப்பினாள். தரை எப்படி இருந்தது என்று பார்ப்பதற்கு. ஒன்றில் தரையே இல்லை. ஹோட்டலின் மேல்மாடி விறாந்தை. வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொன்றிலும் கழுத்துவரை கம்பளியால் போர்த்துக்கொண்டு, தொப்பியோடு ஒருவர். கீழே அவள் குறிப்பு எழுதியிருந்தாள்: நுரையீரல் வருத்தக்காரர்கள். கிழக்கே ஈரமான நகரங்களிலிருந்து, வறண்ட காற்றுக்காக ரயிலேறி வந்தவர்கள். மாதக்கணக்காக அந்த விறாந்தையிலேயே படுத்திருப்பார்களாம்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “அண்ணை, இஞ்ச பாருங்கோ. உங்கட ஆக்கள் முந்தியே போய்க் கட்டில் பிடிச்சிட்டினம்.”

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு போனை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தார்.

“இவைக்குச் சுகம் வந்ததோ?”

“ஆருக்குத் தெரியும்.”

“கேட்டுப் பார்.”

கேட்டேன். சிலர் நடந்து ரயிலேறிப் போனார்கள், சிலர் ஊருக்குப் பின்னால் குன்றில் கிடக்கிறார்கள் என்று பதில் வந்தது. நான் முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன்.

அதற்குப் பிறகு அவருக்கு அந்த ஊருக்குப் போகவேண்டும் என்பது ஒன்றுதான் இருந்தது. நுரையீரல் டொக்டரிடம் கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன். வறண்ட காற்றினால் தழும்பு ஆறாது என்றார் டொக்டர். பிறகு அண்ணையின் முகத்தைப் பார்த்துவிட்டு, இந்தக் கோடையில் போய் வாருங்கள், அடுத்த கோடையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றார். அண்ணைக்குக் கேட்டது ‘போய் வாருங்கள்’ மட்டும்.

வைகாசியில் போவதாக இருந்தது. ஏடுகள் எல்லாம் பெட்டியில் அடுக்கி முடிந்துவிட்டன. அப்போது கட்டடக் கலைஞர் பெண் கூப்பிட்டு, கூடத்தின் கீழே பலகைகள் உக்கியிருக்கின்றன, பழைய குழாய் ஒன்று வருடக்கணக்காக ஒழுகியிருக்கிறது, மாற்ற ஒரு மாதம் வேண்டும் என்றாள். ஒரு மாதம் இரண்டானது. நான் கிழமைக்கு இரண்டு தரம் அவளுக்குப் போன் எடுத்தேன். எங்களுக்கு வேறு வேலைகள் நெருக்குகின்றன என்றேன். வேறு வேலையே இருக்கவில்லை.

ஆனியில் ஒருநாள் நான் சொன்னேன்: “அண்ணை, தரை கிடக்கட்டும். நீங்களும் அக்காவும் சும்மா ஒரு கிழமை போட்டு வாங்கோவன். இப்ப அங்க நல்ல வெயிலாம்.”

“சும்மாவோ?”

“சும்மாதான். காத்து வாங்க.”

“வேலை இல்லாமல் காத்துக் குடிக்கப் போக நான் என்ன வெள்ளைக்காரனோ? ஆரும் கேட்டா என்னெண்டு சொல்லுறது?”

எங்கள் ஆட்கள் கலியாணம், செத்தவீடு, வேலை என்ற மூன்றுக்கும்தான் பிளேன் ஏறுவார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நான் வற்புறுத்தவில்லை. அந்த ஆனி மாதம் முழுவதும் அங்கே வானம் ஒரு பொட்டு மேகம் இல்லாமல் இருந்தது. நான் போனில் தினமும் அந்த ஊர் வானிலையைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மூடி வைத்தேன்.

இதற்கிடையில் எனக்கு என் பங்குப் பயம் இருந்தது. பழைய கட்டடத்தில் எந்தச் சுவரும் நேராக நிற்காது; கரையோரம் வருகிற துண்டுகளை அங்கேயே வெட்டித்தான் பொருத்த வேண்டும். வெட்ட நான்தான் இருந்தேன். தண்ணீர் வாள்தான், வெளியேதான், ஆனாலும் இனி மாஸ்க் இல்லாமல் வெட்டுவதில்லை என்று அக்காவுக்குச் சத்தியம் செய்திருந்தேன். ஆகவே வீட்டில் பழகினேன். இரவுச் செய்தி ஓடும்போது மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு சோபாவில் இருப்பேன். முதல் நாள் விளம்பரம் வரை தாக்குப்பிடித்தேன். மகள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, ஆர் யூ ஓகே? இலையான் மாதிரி இருக்கிறீங்கள்.”

இரண்டு வட்டப் பெட்டியும் ஈயின் கண்போலத் தெரிந்திருக்கும். நான் உள்ளேயிருந்து ஏதோ சொன்னேன்.

“வட்?”

“இலையானுக்குப் பயம் இல்லை எண்டு சொன்னனான்.”

ஆவணி நடுவில் கிளம்பினோம். அண்ணையின் தோளில் ஒரு பை. அதற்குள் ஓக்சிசன் இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. அதைக் கைக்குழந்தை என்பார். பிளேனில் பக்கத்து இருக்கைக்காரி அது என்னவென்று கேட்க, எங்கள் மூன்றாவது பார்ட்னர், கொஞ்சம் முறைப்பாட்டுக்காரன் என்றேன். இறங்கும்போது யன்னலால் பார்த்தேன். மலைகளுக்கு இடையில் மண்ணிறமாக மேகம் படிந்திருந்தது. அப்படி ஒரு மேகத்தை நான் கண்டதில்லை. கதவு திறந்ததும் அண்ணை மூக்கை உறிஞ்சினார்.

“ஆரோ சமைக்கினம்.”

சமையல் இல்லை. காடு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு மலைகளுக்கு அப்பால், மூன்று நாளாக. அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் புகை இறங்கிப் படுத்துவிட்டது. சூரியன் கோழிமுட்டை மஞ்சள் கருவைப்போல் தொங்கியது, வெறும் கண்ணால் பார்க்கலாம். வாடகைக் காரில் யன்னலைப் பூட்டிக்கொண்டு ஓடினேன். வெளியே கள்ளியும் காய்ந்த புதரும் மங்கலாக வந்து வந்து போயின. எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. இவ்வளவு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

ஹோட்டலில் தங்க முடியாது. திருத்துவதற்காக யன்னல்கள் அத்தனையையும் கழற்றி வேறு ஊருக்கு அனுப்பியிருந்தார்கள்; ஓட்டைகளில் பிளாஸ்ரிக் தாள் படபடத்தது. ஊர் எல்லையில் ஒரு மோட்டல் அறையில் அண்ணையை வைத்தேன். கதவிடுக்கில் ஈரத் துவாய் திணித்தேன். ஊரில் கடைசியாக இருந்த காற்றுச் சுத்திகரிப்புப் பெட்டியை வாங்கிக் கட்டிலடியில் வைத்தேன். திரும்பிப் போவோம் என்றேன்.

“நாளைக்குக் காத்துத் திரும்பும்” என்றார்.

திரும்பவில்லை. மூன்று நாள் நான் தனியே கூடத்தில் பதித்தேன். அவர் கட்டிலில் இருந்து போனில் பார்த்தார்.

“இடப்பக்கம் காட்டு. அந்த வரி நெளியுது.”

“அண்ணை, நெளியிறது என்ர கை.”

“கையை ஆர் பதிச்சது?”

நாலாம் நாள் அக்காவுடன் பேசிவிட்டு, என்னிடம் சட்டையைப் போட்டுவிடச் சொன்னார். ஒரு மூலை மட்டும் என்றார். நான் முடியாது என்று கத்தினேன். உண்மையாகவே கத்தினேன், மோட்டல்காரன் வந்து தட்டும்வரை. அவர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னார்: “இவ்வளவு தூரம் வந்து கட்டிலைப் பாத்திட்டுப் போகேலாது.”

மாடிப்படிக்குக் கீழே உள்ள மூலை. உயரம் குறைந்த ஒரு பெட்டியில் அவரை இருத்தினேன். அங்கே சுவர் வளைந்து போனதால் வெட்டுத் துண்டுகள் நிறையத் தேவைப்பட்டன. நான் பின் முற்றத்துக்குப் போய் மாஸ்க்கை இறுக்கி வாளைப் போட்டேன். அந்தப் பழைய ஆஸ்த்மாக்காரர் உடனே வந்துவிட்டார். நெஞ்சுக் கயிறும் வந்தது. ஓட நினைத்தேன். ஓடி எங்கே போவது, எல்லாப் பக்கமும் புகை. நாலு எண்ணி, எண்ணி, பன்னிரண்டு துண்டு வெட்டினேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணை ஒன்றை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

“இது ரைல்சோ, எலி கடிச்ச பிஸ்கற்றோ?”

பன்னிரண்டில் மூன்றை எடுத்துக்கொண்டார். மற்றதை மறுபடி வெட்டி வரச் சொன்னார். அவர் பதிக்கிற விதத்தை நான் அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். பதினெட்டு வருடமாக என் முதுகு அவர் பக்கம் இருந்திருக்கிறது. என்னைவிடச் சுத்தமாகப் பதித்தார். அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

நான் பக்கத்தில் குந்தினேன். “அண்ணை, அண்டைக்கு அந்தக் கொண்டோவில நான் ஓடியிராட்டி...”

“ஓடியிராட்டி ரெண்டு பேருக்கும் வந்திருக்கும்” என்றார், ரைல்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல். “பேந்து ரெண்டு பேரையும் ஆர் பாக்கிறது? உன்ர மனுசியோ? அவ உன்னையே பாக்கமாட்டா.”

நாற்பது நிமிடம் இருந்திருப்பார். ஒரு பூ முழுதாக முடித்து, இரண்டாவதில் நாலு இதழ் வைத்தார். பிறகு இருமல் வந்தது. நிற்கவில்லை. அம்புலன்ஸில் நானும் ஏறினேன். முன்னால் இருக்கச் சொன்னார்கள். இந்தமுறை யாரும் எனக்குத் தோடம்பழச் சாறு தரவில்லை.

பக்கத்துப் பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள். அக்கா ரொறொன்ரோவிலிருந்து வந்து சேர்ந்தா. அவ என்னைத் திட்டவில்லை. நடைபாதையில் என்னைக் கண்டு, “சாப்பிட்டீங்களோ தம்பி?” என்று கேட்டா. திட்டியிருக்கலாம். டொக்டர்கள் விட்டதும் நேரே பிக்கரிங்குக்குக் கொண்டுபோனோம். அதற்குப் பிறகு அவர் வீட்டின் கீழ்மாடியை விட்டு வெளியே வரவில்லை. கைக்குழந்தை போய், மூலையில் பெரிய இயந்திரம் வந்தது. அதிலிருந்து நீளக் குழாய் குசினிவரை போகும், அதற்கு மேல் போகாது.

புரட்டாசியில் மழை பெய்து தீ அணைந்தது. அந்தப் பெண் கூப்பிட்டாள். தரை முக்கால்வாசியில் நிற்கிறது, வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். பாருங்கள் என்றேன். அண்ணைக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது.

“விசரே உனக்கு? ஆரோ ஒருத்தன் வந்து என்ர பூவுக்கு ரெண்டு இதழ் வைக்கிறதோ?”

“நான் தனியப் போகமாட்டன் அண்ணை.”

“போ. போய் முடிச்சிட்டு வா. எனக்கு இஞ்ச ஒரு வேலையும் இல்லை, உன்னை நினைச்சுச் சிரிக்கிறது ஒண்டுதான்.”

போனேன். விமானத்திலிருந்து இறங்கி, காரில் ஊருக்குள் வந்தபோது எனக்கு வழி தவறிவிட்டதோ என்று பட்டது. ஊர் அங்கே இருந்தது. மலைகள் பழுப்பும் பொன்னுமாக, விளிம்பு கீறியதுபோல நின்றன. வானம் மேலே எங்கேயோ போய்விட்டிருந்தது. யன்னல்கள் திரும்ப வந்து ஹோட்டலுக்குக் கண் முளைத்திருந்தது. காற்றுத்தான் தாங்க முடியவில்லை. காய்ந்து, லேசாக, ஏதோ கசப்புச் செடி வாசத்தோடு, கேட்காமலே நெஞ்சுக்குள் வந்து போனது. என் பச்சைக் குழந்தை நுரையீரல் அதை வெட்கமில்லாமல் வாங்கி வாங்கி நிரப்பியது.

மூன்றாம் நாள் மாடிப்படி மூலையில் மிச்சமிருந்த இரண்டு இதழையும் வைத்தேன். பிறகு வேலை ஓடவில்லை. மேல்மாடி விறாந்தைக்கு ஏறிப் போனேன். பலகையெல்லாம் புதிதாக மாற்றியிருந்தார்கள். கட்டில் ஒன்றும் இல்லை. மத்தியானம் இரண்டு மணி, பிக்கரிங்கில் ஐந்து. அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

“முடிஞ்சுதோ?” குரல் சன்னமாக இருந்தது. பின்னால் இயந்திரம் சத்தமிட்டது.

“உங்கட பூ முடிஞ்சுது. வடக்குப் பக்கம் கிடக்குது.”

“காத்து எப்பிடி?”

“சரியான புகை அண்ணை” என்றேன். “இன்னும் போகேல்லை. கண் எரியுது.”

அவர் போனைக் காதோடு அழுத்துவது கேட்டது.

“பொய் சொல்லாத. உன்ர மூச்சு எனக்குக் கேக்குது.”

நான் விறாந்தைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“எங்க நிக்கிறாய்?”

“மேல் விறாந்தையில.”

“அங்க இரு. போனைக் கிட்டப் பிடி.” நிறுத்தி, இழுத்து, மறுபடி சொன்னார்: “கதைக்க வேண்டாம். நீ வாயைத் திறந்தா விசர்க் கதைதான் வரும். சும்மா மூச்சை விடு. நான் கேக்கிறன்.”

இருந்தேன். மூச்சு விடு என்று யாராவது சொன்னால் எனக்கு மூச்சு வராது. இழுக்கிறதோ விடுகிறதோ எது முதல் என்றே மறந்துபோனது. நெஞ்சு படபடத்து, கை வியர்த்து, போன் வழுக்கியது. இப்போது இங்கே விழுந்தால் யார் தூக்குவார்கள் என்றும் யோசித்தேன்.

“மெதுவா” என்றார் அங்கிருந்து. “ஆரும் துரத்தேல்லை.”

நாலு எண்ணினேன். விட்டேன். எண்ணினேன். காற்று வந்தது. கீழே, தண்டவாளம் கிடந்த இடத்தில் போட்ட பாதையில் ஒரு கிழவி நாயோடு நடந்து போனாள். அவள் பாதையின் கடைசிக்குப் போய்த் திரும்பி வரும்வரை நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அங்கே அண்ணை இரண்டு தரம் ஏதோ சிரித்ததுபோல் இருந்தது, இருமலாகவும் இருக்கலாம்.

பிறகு அக்காவின் குரல் வந்தது, மிகத் தாழ்வாக.

“தம்பி, அவர் நித்திரையாகிட்டார். ரெண்டு நாளைக்குப் பிறகு இப்பதான் கண் மூடியிருக்கிறார். நீங்கள் வையுங்கோ.”

“சரி அக்கா.”

“அங்க நல்ல காத்தோ?”

“ஓம் அக்கா. நல்ல காத்து.”

அவ வைத்துவிட்டா. வடக்குச் சுவரோரம் இன்னும் பதினொரு அடி கிடந்தது. குழைத்த சீமெந்து இறுகுவதற்குள் கீழே இறங்கிப் போனேன்.